துளியின் ஊர்

வாங்கிய அன்று எஞ்சின் மினுங்கியது.
கந்தளாய்ச் சுனந்த முன்சீட்டைத் தூக்கிக் காட்டினார்:
பெண்பார்க்க ஆட்கள் வருகிற வீடு மாதிரி
ஒரு தூசு இல்லை.
முப்பத்தெட்டு வயது லைட்ஏஸுக்கு
அவ்வளவு சுத்தம் ஆகாது என்று
இப்போது தெரியும்.
முதல்நாள் யாரோ அதன் வாயைக் கழுவி
பேசாதே என்று சொல்லி
நிறுத்தியிருக்கிறார்கள்.

பதினொரு நாள் பேசாமல் இருந்தது.

என் தொழில் கதிரை வாடகை.
இருநூறு பிளாஸ்ரிக் கதிரை, எட்டு மேசை, தறப்பாள்.
லிங்கநகரில் சாமத்தியவீடு,
பாலையூற்றில் எட்டுச்செலவு,
உவர்மலையில் ஒரு பொன்னுருக்கு.
இறக்கிவிட்டு வண்டியை எடுத்தால்
நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.
நல்லதுக்கும் அதே பொட்டு
கெட்டதுக்கும் அதே பொட்டு.
உவர்மலை வீட்டுக்காரி
புதுக் கல் பதித்த முற்றத்தில் குந்தி
சவர்க்காரத்தூள் போட்டு உரஞ்சியபடி,
"தங்கச்சி, அடுத்தமுறை றோட்டில விடும்" என்றா.

அநுராதபுரச் சந்திக் கராஜில்
தயாபரன் குனியவே இல்லை.
"பின்பக்கக் கிராங் சீல். கியர்பொக்ஸ் இறக்கோணும்.
எண்பதாயிரம்."
கதிரை ஒன்று இருபது ரூபா.
நாலாயிரம் பேர் இருந்து எழும்பவேணும்.
அவ்வளவு கலியாணம் ஊரில் இல்லை;
அவ்வளவு சாவுக்கு நான் நேர்த்தி வைக்கமாட்டேன்.

ரிவி வந்த காட்போட் பெட்டியைப் பிரித்து
இரவு வண்டிக்குக் கீழே விரித்தேன்.
விடிய மூன்று துளி.
விரலில் தொட்டு உரசினேன்.
பச்சை என்றால் றேடியேற்றர்.
இது கறுப்பு,
நகக்கண்ணில் போய் நிற்கிற டீசல் கறுப்பு.
எஞ்சின்தான்.
ஆனால் துளி விழுந்த இடம்
துளியின் ஊர் இல்லை.
மேலே எங்கோ பிறந்து
ஓடுகிற காற்று பின்னுக்குத் தள்ள
இரும்பின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி
ஏலாத இடத்தில் கைவிடுகிறது.
சம்பூர் ஆட்கள் நாங்கள்
கிளிவெட்டியில் வரிசையில் நின்றபோது
கிளிவெட்டி என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு முழுக்க
மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி.
கழுவிக் காயவிட்டு
மகனுக்கு வாங்கி மிஞ்சிய பேபி பௌடரை
எஞ்சின் முழுக்க ஊதினேன்.
சீனக்குடா மாவாலையில் இரவு வேலை முடித்தவன் மாதிரி
வெளுத்து நின்றது.
நிலாவெளிவரை போய்த் திரும்பினேன்.
சாம்பல்தீவுப் பாலத்தில் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டார்கள்.
வண்டிக்குள் குழந்தை வாசம்.

வந்து, கீழே படுத்து, ரோச் அடித்தேன்.
கியர்பொக்ஸ் பொருத்து ஈரம்தான்.
தயாபரன் சொன்னதில் பாதி சரி.
சீட்டைத் தூக்கினேன்.
வெள்ளைக்குள் ஒரு கறுப்பு வழி
அந்த ஈரத்துக்கு மேலிருந்து வருகிறது.
வழியைப் பிடித்து மேலே, இன்னும் மேலே,
நெற்றி சீட்டுக் கம்பியில் இடிக்க,
தலைப்பகுதியின் பின்விளிம்பில்
அரைநிலா வடிவ ரப்பர் ஒன்று.
நகத்தால் தட்டினேன்.
சிரட்டைச் சத்தம்.

மத்திய வீதி ஸ்பெயார் கடையில் றினோசா
அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ரப்பரை எடுத்து வைத்து
பில் எழுதாமல்
பேனையைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு கேட்டாள்:
"மூச்சுக் குழாய் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

கழற்றினேன். உள்ளே களி.
ஈர்க்கு விட்டால் ஈர்க்கு நிற்கிறது.
போக வழியில்லாத காற்று
அகப்பட்ட தையலைப் பிரித்திருக்கிறது.
எத்தனை வருசமாக,
எத்தனை பேரின் கீழே இருந்து.

நேற்று மட்கோவில் ஒரு செத்தவீடு.
அதே காட்போட்டைக் கீழே போட்டுவிட்டுத்தான்
கதிரை இறக்கினேன்.
ஆட்கள் அழுது முடிந்து
தேத்தண்ணி குடித்து முடிந்து
நூற்றியெண்பது கதிரையை எண்ணி ஏற்றிவிட்டுக் குனிந்தால்
ஒரு துளி.
கறுப்பில்லை.
மஞ்சள், தடிப்பு, கூழ்முட்டை நாற்றம்.
கியர் ஒயில்.

பேனையால் சுற்றி வட்டம் போட்டு
திகதி எழுதினேன்.
இது வேற ஊர்.